தேசிக்கன்றைப் புழுவிடம் இருந்து காப்பாற்றியது: என் அனுபவம்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள உப்புவெளியில் எங்கள் வளவு முழுக்க மணல்தான். அதனால் தேசி (எலுமிச்சை) விதைகளை முதலில் யோகட் கோப்பைகளில் ஊன்றினேன். விதையைக் காய விடக்கூடாது. பழத்தில் இருந்து எடுத்து, வழுவழுப்புப் போகக் கழுவி உடனே போட வேண்டும். மூன்றாம் கிழமை முளைத்தது. சில விதையில் இரண்டு முளை. தேசிக்கு அது வழக்கம்தான்.

கன்று ஒரு சாண் வளர்ந்ததும் வினை தொடங்கியது. ஒரு காலை பார்த்தால் குருத்திலைகளில் நடு நரம்பு மட்டும் மிச்சம். பக்கத்து இலையில் குருவி எச்சம் போல ஒன்று. துடைக்கப் போனேன், அசைந்தது! தேசி வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. வளர்ந்தால் இலைப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் இரண்டு கொம்பை நீட்டி நாற்றம் விடும்.

"பத்துக் கன்றுக்கு மருந்து எதுக்குப் பிள்ளை, கையால பொறுக்கு" என்றா அம்மா. அதுதான் சரி. தினமும் காலையில் குருத்துகளைப் புரட்டி, கடுகை விடச் சின்ன மஞ்சள் முட்டைகளைத் துடைத்தேன். புழுக்களைக் கொல்ல மனம் வரவில்லை. கறிவேப்பிலை மரத்தில் விட்டேன், அதையும் அவை தின்னும்.

அப்புறம் இலைகள் சுருண்டு, உள்ளே வெள்ளிக் கோடுகள். அது இலைச்சுரங்கப் புழு, கைக்கு அகப்படாது. ஒரு லீற்றர் தண்ணீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், கொஞ்சம் சவர்க்காரக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபிறகு கிழமைக்கு ஒருமுறை தெளித்தேன். சுருண்ட இலை நிமிரவில்லை. புதுக் குருத்து சுத்தமாக வந்தது.