குன்னூரில் அரை நாள்: ரயிலடியிலிருந்து சிம்ஸ் பூங்கா வரை

ஊட்டிக்குப் போகிற வழியில் டீ குடிக்க இறங்கி ஏறும் ஊராகவே குன்னூரைப் பலர் வைத்திருக்கிறார்கள். அரை நாள் ஒதுக்கினால் ஊரை நடந்தே பார்த்துவிடலாம். ஊர் இரண்டு தட்டு. ஆற்றோரமாக ரயிலடி, பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் எல்லாம் கீழ்க் குன்னூர். பெட்ஃபோர்டும் சிம்ஸ் பூங்காவும் மேல் குன்னூர். நடுவில் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஏற்றம். ஏறும்போது நடங்கள், இறங்கும்போது டவுன் பஸ் பிடியுங்கள். முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கம்தான்.

காரில் வருவதானால் இ-பாஸ் வேண்டும்; நீலகிரி மாவட்டத்துக்குள் நுழைய இணையத்தில் பதிந்து எடுக்கும் அனுமதி அது. 2024 மே 7 முதல் இந்த நடைமுறை. வெளிநாட்டிலிருந்து வருவோர் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதியலாம். வாடகைக் காரென்றால் ஓட்டுநர் எடுத்துவிட்டாரா என்று மலையேறும் முன்பே கேளுங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போனில் பதிய முயன்றால் சிக்னல் காலை வாரும். அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் பாஸ் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள் தடை, பறிமுதல் செய்து அபராதமும் போடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும்.

காலை பத்து மணிக்கு ரயிலடியில் இருங்கள். மேட்டுப்பாளையத்தில் 7.10-க்குக் கிளம்பும் மலை ரயில் பத்தரை வாக்கில் வந்து சேரும். 1899-இல் பாதை இதுவரைதான் வந்தது. ஊட்டிக்கு நீண்டது 1908-இல். பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு, மேட்டுப்பாளையம் பக்கத்து முனையில் தண்டவாளத்தின் நடுவே குனிந்து பாருங்கள். பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு ஒட்டினாற்போல் ஓடும். ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி மாற்றி வைத்திருப்பதால், எஞ்சினின் பல்சக்கரத்துக்கு எந்நேரமும் ஒரு பிடி கிடைக்கும். மலையடிவார ரயில் நிலையமான கல்லாற்றிலிருந்து இங்கு வரை, பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏறும் இடமும் உண்டு. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று தள்ளும். பெட்டிகள் கழன்றாலும் எஞ்சின் மேலேயே சாய்ந்து நிற்கும். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் மாட்டுவதைப் பார்க்காமல் வெளியே போகாதீர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்தே ரயிலில் வர நினைத்தால் முன்பதிவு திறக்கும் நாளிலேயே டிக்கெட் எடுக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் பாறையும் மண்ணும் சரிந்து கல்லாறு–குன்னூர் ஓட்டம் நாள்கணக்கில் நிற்கும்.

ரயிலடியை ஒட்டியே குன்னூர் ஆறு. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், ஊருக்குள் அது கரை கட்டிய ஓடை, குப்பையும் சாக்கடையும் கலந்தது. பெருமழையன்றுதான் ஆறு என்று தெரியும். போய்ச் சேருவது பவானியில்.

அப்படியே மார்க்கெட்டுக்குள் நுழையுங்கள். படிகள் ஈரமாக இருக்கும், ரப்பர் அடி வைத்த செருப்பு நல்லது. மலைப்பூண்டு வாங்கலாம். டீயோடு கடிக்கும் மொறுமொறு பேக்கரிப் பண்டமான வர்க்கியை ஒன்று உடைத்துப் பார்த்து வாங்குங்கள்: அடுக்கு அடுக்காக நொறுங்க வேண்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த வர்க்கி சென்னைக் காற்றுப் பட்டதும் நமுத்துப்போகும். மூடி இறுகிய டப்பா கொண்டுவாருங்கள்.

மவுண்ட் ரோடு வழியாக பெட்ஃபோர்டு ஏறினால் மூச்சு வாங்கும், அவசரமில்லை. இலங்கை மலையகத்தில் வேர் உள்ளவர்களுக்கு இந்த ஊர் வேறு மாதிரி. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ என்ற தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். தலைமை அலுவலகம் குன்னூரில். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் சொந்தம் தேடுவோர் தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஆள் பெயர் மட்டும் சொன்னால் யாருக்கும் பிடிபடாது.

1874-இல் தொடங்கிய சிம்ஸ் பூங்கா பள்ளத்தில் இறங்குகிறது. இறங்கினால் திரும்ப ஏற வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். ருத்ராட்ச மரம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். எதிரே 1907-இலிருந்து இயங்கும் பாஸ்டர் ஆய்வகம்; தடுப்பூசி தயாரிக்கும் இடம், வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி.

பக்கத்தில் தேயிலை ஆலை பார்க்கப் போகிறவர்கள், டிக்கெட் எடுக்குமுன் “மெஷின் ஓடுதா?” என்று கேளுங்கள். இலை வரத்து இல்லாத நாளில் வெறும் இரும்பைத்தான் காட்டுவார்கள். நாலரை கிலோ பச்சை இலைக்குச் சுமார் ஒரு கிலோ தூள். பாலுக்கு சி.டி.சி. எனும் குருணைத் தூள், பால் இல்லாமல் குடிக்க ஆர்த்தடாக்ஸ் எனும் சுருட்டிய இலைத் தேயிலை. சாக்லேட் டீ, மசாலா டீ வகைகளில் தூளின் தரம் வாசனையில் மறைந்துவிடும், எங்கள் யோசனை: தவிர்க்கவும். பொதி செய்த தேதி பார்த்து வாங்குங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து திரும்புவோர் விதை, பழம், பூண்டு எடுத்துப்போக வேண்டாம். தேயிலையையும் படிவத்தில் குறிப்பிடுங்கள்.

பிற்பகலில் ரயிலில் ஊட்டி போகலாம். வெலிங்டனும் அருவங்காடும் வரும்போது கேமராவை உள்ளே வையுங்கள்: ஒன்று ராணுவ முகாம், மற்றது 1904 முதல் இயங்கும் வெடிமருந்துத் தொழிற்சாலை. வெளிநாட்டு பாஸ்போர்ட் கையில் இருந்தால் விசாரணை இன்னும் நீளும்.