திரும்ப மறுக்கும் திறப்பு: பழைய காரின் ஸ்ரியரிங் பூட்டைச் சரிசெய்யும் முறை

யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில், முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் காரை நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து ஏறியவர், திறப்பைப் போட்டுத் திருப்பும்போது அது கல்லாகச் சமைந்து நிற்பதுண்டு. காலையில் வவுனியாவிலிருந்து புறப்பட்டபோது சீராகத் திரும்பிய அதே திறப்புத்தான். அவ்வேளையில் பெரும்பாலானோர் முதலில் திறப்பை இன்னும் பலமாகத் திருகிப் பார்ப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் குறட்டை எடுத்துத் திறப்பின் தலையைப் பிடித்துத் திருகுவார்கள். அதன்பின் திறப்பு பூட்டுக்குள் பாதியும் கையில் பாதியுமாக இருக்கும். இரண்டு நிமிடத்தில் தீரக்கூடிய காரியம் இரண்டு நாள் வேலையாகிவிடும்.

முதலில் எந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்றவற்றை இன்னும் பேணி வைத்திருப்போருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. வடக்கில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட அந்த வண்டிகளில் திறப்பு முகப்புப் பலகையில் இருக்கும். அது மின்சாரத்தை விடுமே தவிர ஸ்ரியரிங்கைப் பூட்டாது. டற்சன் 120வை, ரொயோட்டா கொறோலா போன்ற 1970களின் ஜப்பானிய வண்டிகளிலேயே, திறப்புப் பூட்டும் ஸ்ரியரிங் பூட்டும் மின் ஆளியும் ஒரே கூட்டுக்குள் அடக்கப்பட்டு, ஸ்ரியரிங் தண்டைச் சுற்றியிருக்கும் குழலில் பொருத்தப்பட்டிருக்கின்றன. இக்குறிப்பு அவற்றுக்கானது.

அந்தக் கூட்டுக்குள் மூன்று பகுதிகள் வரிசையாக இருக்கின்றன. முன்னால், திறப்பு நுழையும் உருளையில், மெல்லிய பித்தளைத் தகடுகள் சிறு சுருள்வில்களின் மேல் ஏறி இறங்குகின்றன. சரியான திறப்பு உள்ளே போனால் மட்டுமே அவையெல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து உருளையைத் திரும்ப விடும். நடுவில், உருளையோடு சேர்ந்து திரும்பும் துண்டு, பூட்டு நாக்கு எனப்படும் உருக்குக் கட்டையைப் பின்னுக்கு இழுக்கும். திறப்பைக் கழற்றிய பின் ஸ்ரியரிங்கைச் சற்றுத் திருப்பினால், அந்த நாக்கு வில்லின் விசையால் முன்னே பாய்ந்து தண்டிலுள்ள பள்ளத்துக்குள் விழுந்து பூட்டிக்கொள்ளும். கடைசியில் மின் ஆளி இருக்கிறது. கோளாறு இம்மூன்றில் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

முறிகண்டிக்கே திரும்புவோம். அங்கே கோளாறு பெரும்பாலும் எந்தப் பகுதியிலும் இருக்காது. வண்டியை நிறுத்தும்போது முன்சில்லுகள் ஒருபக்கம் திரும்பியபடி நின்றிருக்கும். முறுகிய ரயரின் விசை ஸ்ரியரிங் தண்டு வழியாகப் பூட்டு நாக்கின் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தில் நாக்கு பள்ளத்தின் சுவரோடு இறுகிவிடுவதால் திறப்பால் அதனைப் பின்னிழுக்க முடியாது. இதற்கு, வலக்கை விரல்களால் திறப்பை மெதுவாக, ஒரு போத்தல் மூடியைத் திறக்கும் அளவு விசையுடன் மட்டும் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் ஸ்ரியரிங்கை இருபக்கமும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சுவரில் இடிப்பதுபோல் நிற்கும். மறுபக்கம் மயிரிழையளவாவது விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுக்கும் பக்கமாக ஸ்ரியரிங்கை அழுத்திப் பிடித்தால், ‘டக்’ என்ற ஒலியோடு திறப்பு திரும்பிவிடும். பலத்தைக் கொடுக்க வேண்டியது ஸ்ரியரிங்குக்கே, திறப்புக்கு ஒருபோதும் இல்லை.

கிரவல் வீதியோரத்துப் பள்ளத்திலோ வயல் வரம்பிலோ சில்லு அகப்பட்டு நின்றால், கையால் அசைத்தாலும் விசை குறையாது. அவ்வேளையில் கைப்பிறேக்கைப் போட்டு, பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, ஜக்கைக் கொண்டு முன்பக்கத்தை ரயர் நிலத்தை விட்டு எழும்பும் அளவுக்குத் தூக்க வேண்டும். முறுகி நின்ற ரயர் தானாகத் தளர்ந்துகொள்ளும்; நாக்கின் மேலிருந்த பாரமும் அத்தோடு போய்விடும். இந்த எளிய வழியைப் பலர் அறியாதிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

இவ்வளவும் செய்து ஸ்ரியரிங் இருபக்கமும் சிறிது இலகுவாக ஆடியும் திறப்பு திரும்பாவிட்டால், சந்தேகத்தைத் திறப்பின் மீதும் உருளையின் மீதும் திருப்ப வேண்டும். நாற்பது ஆண்டுகளைக் கடந்த வண்டியில் தொழிற்சாலைத் திறப்பு இருப்பது அரிது. இருப்பது, தேய்ந்த திறப்பைப் பார்த்து வெட்டிய நகலும், அந்த நகலைப் பார்த்து வெட்டிய இன்னொரு நகலுமே. ஒவ்வொரு நகலும் முந்தியதன் தேய்மானத்தையும் சேர்த்தே பிரதி எடுக்கிறது. எனது 120வையின் திறப்பையும் அலுமாரியில் கிடந்த பழைய திறப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, நான் நாளாந்தம் பாவித்த திறப்பின் மூன்றாவது பல் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் கீழே இறங்கியிருந்தது. அதனால்தான் திறப்பை முழுதாகத் தள்ளிவிட்டு மயிரிழையளவு வெளியே இழுத்தால் மட்டும் பூட்டு திறந்துகொண்டிருந்தது. நானோ ஓராண்டாகப் பூட்டைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வாறு சற்று வெளியே இழுத்தால் உங்கள் திறப்பும் திரும்புமாயின், உங்கள் பூட்டு நல்ல பூட்டு, திறப்பே தேய்ந்தது என்று கொள்ளலாம். பழைய திறப்பிலோ பூட்டின் உடலிலோ பொறிக்கப்பட்ட இலக்கம் கிடைத்தால், அதைக்கொண்டு வெட்டப்படும் திறப்பு நகலினும் பன்மடங்கு மேலானது. கடைக்குப் போகும்போது வாகனப் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். உரிமையாளர் யார் என்று கேட்காமல் திறப்பு வெட்டித் தருபவரிடம் வெட்டாதிருப்பதே நல்லது.

திறப்பு நல்லதாயின், எஞ்சுவது தூசி. வன்னியில் வண்டி வைத்திருப்போருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. சோளகம் வீசும் மாதங்களில் ஒட்டுசுட்டான் பக்கமோ விசுவமடுப் பக்கமோ ஒரு கிளைவீதியில் போய்வந்தால், மூடிய கண்ணாடிக்குள்ளும் செம்மண் மாவாகப் படிந்திருக்கும். அத்தூசி தனியாகப் பூட்டைக் கெடுப்பதில்லை. பூட்டுக்குள் நாம் விட்ட எண்ணெயோடு சேர்ந்துதான் கெடுக்கிறது. நம் வீடுகளில் கதவுப் பூட்டு முதல் தையல் இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெயே மருந்து. காரின் பூட்டுக்கும் இரண்டு துளி விடுவது வழக்கம். முதல் வாரம் வெண்ணெய்போல் வேலை செய்யும். பின்னர் எண்ணெய் பிசுபிசுத்து, மார்கழிக் குளிரில் உறைந்து, தூசியைப் பிடித்துவைத்து, தகடுகள் ஏறி இறங்கும் இடுக்குகளில் களியாக இறுகிவிடும். கிறீசும் இவ்வாறே செய்யும்.

களியை எடுப்பதற்கு முன் பற்றறியின் மறை முனையைக் கழற்றுங்கள். தெளிக்கப்போகும் திரவம் தீப்பற்றக்கூடியது, பின்னால் மின் ஆளி இருக்கிறது. கதவுகளைத் திறந்துவைத்து, கார்பரேட்டர் சுத்தப்படுத்தும் தெளிப்பானின் மெல்லிய குழாயைத் திறப்புத் துவாரத்துக்குள் விட்டு, இரண்டு மூன்று தடவை சிறிதாகத் தெளியுங்கள். கீழே பழந்துணி பிடித்தால் கபில நிறத்தில் வடிவது தெரியும். பின்னர் ஒரு மெல்லிய ஊசியால் ஒவ்வொரு தகட்டையும் இலேசாக அழுத்தி விடுங்கள். நல்ல தகடு அழுத்தியதும் துள்ளித் திரும்பும். களி பிடித்தது கீழேயே கிடக்கும் அல்லது சோம்பலாக எழும்பும். எது சோம்பல் என்று தெரிந்த பின் அங்கே இன்னொரு தடவை தெளித்து, திறப்பை இருபது முப்பது தடவை உள்ளே விட்டு வெளியே எடுத்து, ஒவ்வொரு முறையும் துணியால் துடைக்க வேண்டும். துணியில் செம்மண் நிறம் மாறும் வரை இதனைச் செய்யுங்கள். ரயர்க் கடைக்காரர் கொம்பிறசரால் ஒரு ஊது ஊதித் தந்தால் மிகவும் நல்லது. கண்ணை மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக உலர்ந்த பின் எண்ணெய்க்குப் பதிலாகப் பென்சில் கரியைப் பாவியுங்கள். 2பி அல்லது அதனினும் மென்மையான பென்சிலைத் திறப்பின் பற்களிலும் இருபக்கத்திலும் கறுக்கத் தேய்த்து, உள்ளே விட்டு எடுத்தால் போதும். அள்ளிக் கொட்ட வேண்டாம். கரி மின்சாரத்தைக் கடத்தும், பின்னாலிருக்கும் ஆளிக்குள் போனால் வேறு தலையிடி.

திறப்பு திரும்புகிறது, ஆனால் இயந்திரம் கிளம்பிய பிறகு ‘ஸ்ரார்ட்’ நிலையிலிருந்து தானாகத் திரும்பி வரவில்லை என்றால், அது உடனடியாகக் கவனிக்க வேண்டியது. ஸ்ராட்டர் மோட்டர் தொடர்ந்து சுழன்று எரிந்துபோகும். கையால் திறப்பைப் பின்னே திருப்பியும் நிற்காவிட்டால் பற்றறியின் முனையைக் கழற்றுங்கள். திரும்புகிறது, ஆனால் விளக்குமில்லை ஒலியுமில்லை என்றால், பூட்டை விட்டுவிட்டு ஆளியையும் வயர்களையும் பாருங்கள். திறப்பைக் கழற்ற முடியவில்லை என்றால், உங்கள் வண்டியில் திறப்புக்கு அருகே அழுத்தும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது தவறுதலாகப் பூட்டிவிடாதிருக்கச் சில வண்டிகளில் அது வைக்கப்பட்டிருக்கும், அதைச் சுற்றியும் தூசி அடைத்துக்கொள்ளும்.

எதுவும் பலிக்காதபோது கூட்டைக் கழற்ற வேண்டியதுதான். ரொயோட்டாவில் பெரும்பாலும், திறப்பை ‘ஏசிசி’ நிலைக்கு (பூட்டு நிலைக்கு அடுத்தது, ‘ஒன்’ நிலைக்கு முந்தியது) திருப்ப முடிந்தால், பக்கத்திலுள்ள சிறு துவாரத்தில் மெல்லிய கம்பியை விட்டு, உருளையைப் பிடித்திருக்கும் ஊசியை அழுத்தி உருளையைத் தனியே இழுத்தெடுக்கலாம். திறப்பு திரும்பாவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அப்போது, கூட்டைத் தண்டின் குழலோடு பிடித்திருக்கும் ஆணிகளைக் கழற்ற வேண்டும். கள்வர் கழற்றக்கூடாது என்பதற்காக அவற்றின் தலைகள் பொருத்தும்போதே முறியும்படி செய்யப்பட்டவை. ஸ்பனர் பிடிக்க இடமிருக்காது. ஆணியின் ஓரத்தில் கூரான உளியை வைத்து, இடஞ்சுழியாகச் சுற்றிவரும்படி சுத்தியலால் சிறிது சிறிதாகத் தட்டினால் பல தடவை கழன்றுவிடும். இல்லையேல் நடுவில் துளையிட்டு எடுக்க வேண்டும். பெருஞ்சுத்தியலால் அடித்துத் தண்டை வளைத்துவிட்ட ஒரு வேலையை நான் என் வண்டியிலேயே கண்டிருக்கிறேன், ஆதலால் பொறுமையில்லாதவரிடம் இதை ஒப்படைக்காதீர்கள். மாற்றுக் கூடு கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கலாம்; வாங்கும்போது திறப்போடு வாங்குங்கள், கடையிலேயே நாக்கு முழுமையாக உள்ளே போய் வருகிறதா என்று பாருங்கள்.

வயரை ஒட்டிக் கிளப்புவது பற்றியும் சொல்ல வேண்டும். பின்னாலுள்ள ஆளியைத் தனியே கழற்றித் திருப்புளியால் திருப்பினால் இயந்திரம் கிளம்பிவிடும். ஆனால் பூட்டு நாக்கு இன்னும் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது, அல்லது வெளியே வந்திருந்தாலும் திறப்பில்லாமையால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப விழலாம். ஏ9 வீதியில் அறுபது கிலோமீற்றர் வேகத்தில் ஸ்ரியரிங் பூட்டிக்கொண்டால் செய்வதற்கு எதுவுமில்லை. உழவு இயந்திரத்தில் கயிறு கட்டிக் காரை இழுப்போரும் இதனைக் கவனிக்க வேண்டும்: திறப்பைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இழுத்தால் முதல் வளைவிலேயே பூட்டு விழும். திறப்பு ‘ஏசிசி’யில் இருக்க வேண்டும், அது இயலாவிட்டால் முன்சில்லுகளை நிலத்தில் உருட்டாமல் லொறியில் ஏற்றுங்கள். நாக்கு நம்பிக்கையில்லாதது என்றால் அதனை முழுமையாகக் கழற்றிவிட்டு, களவுக்குப் பயந்து பற்றறிக்கு ஒரு மறைவான ஆளி போடுவதையே நான் தெரிவுசெய்வேன். பாதி அராவிய நாக்கை உள்ளே விட்டுவைக்கவே கூடாது.

எந்த வழியில் சரிசெய்தாலும், வீதிக்கு இறங்கும் முன் முற்றத்தில் சோதியுங்கள். முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, திறப்பை ‘ஒன்’ நிலையில் வைத்து, ஸ்ரியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இருபது தடவை திருப்புங்கள். எங்காவது ஒரு உரசலோ ஒரு சிறு ‘டிக்’ ஒலியோ கேட்டால் நாக்கு முழுமையாகப் பின்வாங்கவில்லை, மீண்டும் கழற்ற வேண்டும். பின்னர் திறப்பை எடுத்து, பூட்டு விழுகிறதா என்று பார்த்து, திறந்து, மீண்டும் பூட்டி, பத்துத் தடவையாவது செய்யுங்கள். திறப்பு வளையத்தில் வீட்டுத் திறப்பு, கடைத் திறப்பு, மோட்டார் சைக்கிள் திறப்பு எல்லாம் தொங்கினால், கிரவல் வீதியில் அந்தப் பாரம் ஆடி ஆடியே உருளையைத் தேய்த்துவிடும். காரின் திறப்பைத் தனியே ஒரு கயிற்றுத் துண்டில் கட்டுங்கள்.