பலகையைத் தாண்டிய கால்

யாழ்ப்பாணத்தில் தரம் 9 பிள்ளைகளுக்கு நீளம் பாய்தல் பழக்குகிறேன். ஒருத்தி எப்போதும், பாய்வதற்குக் கால் ஊன்றவேண்டிய பலகையைத் தாண்டித்தான் மிதிப்பாள். சொன்னால், "இல்லை சேர், பலகையிலதான் மிதிச்சனான்" என்பாள். பலகையின் அகலமே 20 சென்ரிமீற்றர். ஓடிவருபவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

போனில் எடுத்துக் காட்டினேன். கால் வெறும் மங்கல். மணல் குழிக்குப் பின்னால் நின்று எடுத்தது ஒரு பிழை. மற்றது, கால் பலகையில் படுவது ஏறக்குறைய ஒரு விநாடியின் எட்டில் ஒரு பங்குதான். விநாடிக்கு 30 படம் எடுத்தால் அதில் நாலு படம் விழும், அவ்வளவே.

ஸ்லோ மோஷனை விநாடிக்கு 240 படத்துக்கு மாற்றி, பலகைக்கு நேர் பக்கவாட்டில், தரையோடு தாழ்வாகப் போனை வைத்தேன். இப்போது முப்பது படம் வரை கிடைத்தது. பாய்ந்த கையோடு வேப்பமர நிழலில் காட்டினேன் (எங்கள் வெயிலில் திரை தெரியாது). பார்த்தாள், சிரித்தாள். பெருவிரல் ஒரு சாண் வெளியே. ஓடத் தொடங்கும் குறியையும் ஒரு சாண் பின்னுக்கு வைத்தோம். கைவீச்சிலும் பிழை இருந்தது. அதைப் பற்றி நான் அன்று வாயே திறக்கவில்லை. மூன்றாம் பாய்ச்சலில் கால் சரியாகப் பலகையில் விழுந்தது.

வீடியோவை அவள் முன்னாலேயே அழித்தேன். தாயிடம் அப்படிச் சொல்லித்தான் அனுமதி வாங்கியிருந்தேன்.