முட்டை ஓடு இரவில்தான் கட்டுகிறது: கோழிக்குச் சுண்ணாம்புச் சத்தை எப்போது, எந்தப் பருமனில் கொடுப்பது?

ஓடு மெலிந்த முட்டையைக் காட்டி யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதலில் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: சாயங்காலம் உங்கள் கோழியின் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் என்ன இருக்கிறது? தீவனத்தில் கால்சியம் எத்தனை சதவீதம் என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. கொடுக்கும் நேரமும் துகளின் பருமனும்தான் தவறிப்போகின்றன.

காலையில் முட்டையிட்ட கோழிக்குப் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடுத்த மஞ்சள் கரு சினைப்பையிலிருந்து விடுபடுகிறது. அது வெள்ளைக் கருவையும் சவ்வையும் போர்த்திக்கொண்டு, நான்கைந்து மணி நேரத்தில் ஓடு கட்டும் கருப்பைப் பகுதிக்கு வந்துசேர்ந்து அங்கே ஏறத்தாழ 20 மணி நேரம் தங்குகிறது. ஓடு வேகமாகத் தடிக்கும் நேரம் இரவில் அமைகிறது. அப்போது கோழி உறங்குகிறது, தீவனம் எடுப்பதில்லை. ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்குச் சற்று அதிகமாகக் கால்சியம் இருக்கிறது. இரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடுவதோ சில பத்து மில்லிகிராம்தான். ஆகவே இரவு முழுவதும் எங்கிருந்தாவது கால்சியம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

குடலில் இருந்தால் குடலிலிருந்து வரும். குடல் காலியானால் எலும்பிலிருந்து வரும். பருவத்துக்கு வந்த பெட்டையின் கால் எலும்புகளுக்குள் இதற்கென்றே ஒரு தனி எலும்புச் சேமிப்பு உருவாகிறது. அவசரத்துக்கு எடுத்துப் பகலில் திருப்பி வைக்க வேண்டிய கையிருப்பு அது. தினமும் எடுத்துக்கொண்டே இருந்தால் உடலைத் தாங்கும் எலும்பும் கரையத் தொடங்கும். கூண்டில் கால் மடங்கிச் சாய்ந்துகிடக்கும் கோழிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தக் கோழி விழும் நாள்வரை நல்ல ஓட்டோடு முட்டை இட்டிருக்கலாம். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குக் கவலை முட்டையோடு நிற்பதில்லை.

மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் சில மணி நேரத்தில் கரைந்து கடந்துவிடுகிறது. 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கல் குருணையோ கிளிஞ்சல் துண்டோ அரைவைப்பையில் தங்கி, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. மொத்தச் சுண்ணாம்பில் மூன்றில் இரண்டு பங்கு குருணையாகவும் ஒரு பங்கு மாவாகவும் இருப்பது நல்ல தொடக்கம். வயதான கோழிகளுக்குக் குருணையின் பங்கை முக்கால்வரை உயர்த்துகிறேன்.

வாங்கிய கல் எப்படிக் கரைகிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் வினிகர் ஊற்றி, ஒன்றில் மாவையும் மற்றொன்றில் அதே எடைக் குருணையையும் போடுங்கள். மாவு பொங்கி விரைவில் அடங்கும். குருணை நெடுநேரம் குமிழி விட வேண்டும். குமிழியே வராவிட்டால் அதில் இருப்பது பெரும்பாலும் மணலோ வேறு கல்லோதான். மக்னீசியம் மிகுந்த டோலமைட் கல்லை முட்டைக்கோழிக்கு நான் சேர்ப்பதே இல்லை. மக்னீசியம் மிஞ்சினால் ஓடும் கெடும், எச்சமும் இளகும்.

தீவனத்தை வெளியிலிருந்து வாங்குகிறவர்கள் ஒரு கிலோவை வாளியில் கொட்டி, தண்ணீர் விட்டுச் சுழற்றி, தானியமும் பிண்ணாக்கும் வெளியேறும்வரை வடித்துப் பாருங்கள். அடியில் குருணை தங்கும். 4% கால்சியம் உள்ள தீவனத்தில் 100 கிலோவுக்கு 9 கிலோவுக்குச் சற்று மேல் சுண்ணாம்புக்கல் இருக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு குருணை என்றால், வாளியின் அடியில் ஏறக்குறைய 60 கிராம் கிடைக்க வேண்டும். கைப்பிடிக்குக்கூடத் தேறாவிட்டால் குருணையைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும்.

அதைக் கொடுக்கும் நேரம் பிற்பகல். விளக்கு அணைவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு, கடைசித் தீவனத்தோடு குருணையைத் தூவுகிறேன். அன்றைய தீவனத்தில் பாதிக்கு மேல் மதியத்துக்குப் பின் போய்ச் சேரும்படி பிரித்துக்கொள்கிறேன். தரையில் வளரும் சிறு கூட்டமென்றால் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் வைத்தால் போதும். ஓடு கட்டத் தொடங்கிய கோழி தானாகவே அதைத் தேடி வரும். காலையில் திரும்பிப் பார்க்காத கோழி மாலையில் கிண்ணத்தை விட்டு நகராது. இருட்டிய பிறகு ஒரு கோழியின் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள், குருணை நெருடும்.

முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்கு 4 முதல் 4.5 கிராம் கால்சியம் வேண்டும். 110 கிராம் தீவனம் எடுத்தால் 4% கலவை போதுமானது. வெயில் கடுமையாகி உட்கொள்ளல் 90 கிராமாக இறங்கினால் அதே கலவை 3.6 கிராம்தான் தரும். சதவீதத்தை உயர்த்தாமல் வழியில்லை. வெயிலில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. வாய் திறந்து மூச்சிரைக்கும் கோழி கரியமில வாயுவை அளவுக்கு மேல் வெளியேற்றுகிறது. ஓட்டுக்குத் தேவையான பைகார்பனேட் இரத்தத்தில் குறைகிறது. உப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சமையல் சோடா சேர்ப்பதும், குளிர்ந்த குடிநீரும், விடியலிலும் அந்தியிலும் தீவனம் கொடுப்பதும் அப்போது கைகொடுக்கின்றன.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தை வளரும் கோழிக்குக் கொடுக்காதீர்கள். வளரும் பருவத்துக்கு 1% அளவு கால்சியம் போதும். மூன்று நான்கு மடங்கை மாதக்கணக்கில் தின்றால் சிறுநீரகம் கெட்டு, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய யூரேட் உப்பு உள்ளுறுப்புகளில் வெள்ளையாகப் படிந்து சாகும். கொண்டை சிவந்து முதல் முட்டைக்கு முந்திய இரண்டு வாரம் 2 முதல் 2.5%, முட்டை தொடங்கியதும் முழு அளவு.

பாஸ்பரஸ் குறைந்தால் எலும்பு கெடும், மிஞ்சினால் ஓடு கெடும்; கோழியின் உடலுக்குக் கிடைக்கக்கூடிய பாஸ்பரஸைத் தீவனத்தில் 0.4% அருகே வைத்திருங்கள். வைட்டமின் டி3 இல்லாமல் கால்சியம் குடலைத் தாண்டாது. டி2 கோழிக்குச் சரியாகப் பயன்படுவதில்லை என்பதால் பொட்டலத்தில் டி3 என்றே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். துத்தநாகமும் மாங்கனீசும் தாதுக் கலவையிலேயே வந்துவிடும்.

எல்லாக் கெட்ட ஓட்டுக்கும் சுண்ணாம்பு காரணமல்ல. வயது ஏற ஏற முட்டை பெரிதாகும். அதே அளவு சுண்ணாம்பு பெரிய பரப்பில் பரவுவதால் ஓடு மெலியும். ஓடு சுருங்கி, வெள்ளைக் கரு நீர்போல ஓடி, கோழிகளிடம் மூச்சுச் சத்தமும் கேட்டால் தொற்று மூச்சுக்குழாய் அழற்சியைச் சந்தேகித்துக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நலமாகத் தெரியும் கூட்டத்தில் திடீரென்று ஓடில்லாமல் சவ்வு மட்டும் உள்ள தோல்முட்டைகள் பெருகி, பழுப்பு முட்டை வெளிறி, எண்ணிக்கையும் சரிந்தால், 1976இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட முட்டை வீழ்ச்சி நோயாக இருக்கலாம். சல்பா வகைக் கிருமிக்கொல்லி மருந்துகளும் ஓட்டை மெலியச் செய்யும். தோல்முட்டைகள் இரவிலேயே பரணிலிருந்து விழுந்துவிடுவதால், எச்சத்தட்டைக் காலையில் பார்க்காமல் எண்ணிக்கை சொல்ல முடியாது.

அளந்து பார்க்க உப்புக் கரைசல் போதும். அடர்த்திமானி 1.080 காட்டும்வரை உப்பைக் கரைத்து, அன்று இட்ட முட்டைகளை இறக்குங்கள். மூழ்குபவை தடித்த ஓடு, மிதப்பவை மெலிந்தவை. பழைய முட்டையில் காற்றறை பெரிதாகியிருப்பதால் அது தவறாக மிதக்கும். மாலைக் குருணையைத் தொடங்கும் முன் ஒருமுறையும், ஒரு வாரம் கழித்து அதே கூண்டு வரிசையிலிருந்து எடுத்து இன்னொரு முறையும் பாருங்கள். மிதப்பவை குறையாவிட்டால் அடுத்ததாகத் தீவன உட்கொள்ளலை எடை போடுங்கள்.