பழைய புல்லட் மீட்டரைச் சரிசெய்வது: முள், கிண்ணம், காந்தம்

ஸ்பீடோமீட்டர் முள் அசையவில்லை என்றதும் மீட்டரைத் திறந்துவிடாதீர்கள். திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டுகளின் டூமில் (ஹெட்லைட்டைத் தாங்கும் கூட்டில்) இருக்கும் மீட்டரில், கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தின் ஓரம் பின்பக்கமாக மடித்து மூடப்பட்டிருக்கும். அந்த ஓரம் ஓரிரு தடவைக்கு மேல் மடிப்பைத் தாங்காது. எனவே கோளாறு எங்கே என்பதை வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிட வேண்டும்.

முள்ளும் தூரம் காட்டும் எண்களும் சேர்ந்து நின்றிருந்தால் பெரும்பாலும் சக்கரத்தின் சுழற்சியை மீட்டருக்குக் கொண்டுவரும் கேபிளோ, முன்சக்கர ஹப்பில் அதைச் சுழற்றும் டிரைவோதான் காரணம். முள் வேலை செய்து எண் மட்டும் நின்றால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. எண் ஓடி முள் படுத்தே கிடந்தால் உள்ளே முள்ளைத் திருப்பும் கிண்ணத்தின் அச்சு இறுகியிருக்கும், அல்லது முள் அச்சில் தளர்ந்திருக்கும். வண்டி நகர்ந்ததுமே முள் கடைசி வரை பாய்ந்தால், உள்ளே கிரீஸ் ஏறிவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

கிரீஸ் ஏன் அப்படிச் செய்கிறது? கேபிள் சுழற்றுவது ஒரு காந்தத்தை. அதைத் தொடாமல், மிகச் சிறிய இடைவெளியில் ஓர் அலுமினியக் கிண்ணம் கவிழ்ந்திருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். ஹேர்ஸ்பிரிங் என்னும் மெல்லிய சுருள் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். அந்த இடைவெளியில் கிரீஸ் புகுந்தால் காந்தம் கிண்ணத்தை நேராகவே பற்றி இழுத்துவிடுகிறது.

ஆகவே முதலில் கேபிள். உள் ஒயரை உருவி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். மேசையில் நேராக வைத்து ஒரு முனையை விரலால் உருட்டினால் மறுமுனையும் சீராக உருள வேண்டும். துள்ளினால் ஒயர் மடங்கியிருக்கிறது, மாற்றுவதுதான் வழி. குறைந்த வேகத்தில் முள் நடுங்குவதற்கும் இதுவே முதல் காரணம். கிரீஸை ஒயரின் கீழ் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லியதாகப் பூசுங்கள். மீட்டர் பக்கத்து மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய உலர்ந்தே இருக்கட்டும், சுழலச் சுழல கிரீஸ் தானே மேலேறும். மாட்டும்போது நட்டு கையாலேயே முழுதும் ஏற வேண்டும். பாதியில் எதிர்த்தால் உள் ஒயர் நீளம் அதிகம். அப்படியே இறுக்கினால் மீட்டரின் அச்சு மேலே தள்ளப்பட்டுத் தேய்ந்துபோகும்.

கேபிளும் டிரைவும் நன்றாக இருந்தும் கோளாறு தீரவில்லை என்றால்தான் மீட்டரைத் திறக்க வேண்டும். அதைத் தடித்த துணிமேல் கவிழ்த்து, முனை மழுங்கிய சிறு ஸ்குரூடிரைவரால் மடிப்பை ஒரே இடத்தில் தூக்காமல், சிறிது சிறிதாக நான்கைந்து சுற்றில் நிமிர்த்துங்கள். வளையம் கழன்றுவரும் அளவுக்கு நிமிர்ந்தால் போதும்.

டயலைத் தொடுவதற்கு முன் நேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முள்ளை மெதுவாகத் தூக்கி, பூஜ்யத்தில் அது முட்டி நிற்கும் குத்தூசியைத் தாண்டவிடுங்கள். ஸ்பிரிங் தளர்ந்து முள் பூஜ்யத்துக்கும் கீழே ஓரிடத்தில் நிற்கும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். இந்தக் குறியை விட்டவர்கள் பிறகு முள்ளை எங்கே பொருத்துவது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். டயல்மேல் காகிதம் விரித்து, இரண்டு டீஸ்பூன்களை எதிரெதிராக முள்ளின் அடியில் கொடுத்து ஒரே நேரத்தில் நெம்பினால் முள் நேராக மேலே வரும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் அச்சு வளைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. 1960களுக்கு முந்தைய டயலிலோ முள்ளிலோ ஒளிரும் பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். இப்போது ஒளிரவில்லை என்பதால் ஆபத்து தீர்ந்துவிட்டதாக அர்த்தமில்லை. ரேடியத்தின் அரைவாழ்வு சுமார் 1,600 ஆண்டுகள், கெட்டுப்போனது அதோடு கலந்த ஒளிரும் பொருள் மட்டுமே. சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், ஊதாதீர்கள். அப்படிப்பட்ட மீட்டரைத் திறக்காமலே வைப்பது நல்லது.

டயலை மென்மையான உலர்ந்த தூரிகையால் மட்டும் துடையுங்கள். பெட்ரோல், தின்னர், ஸ்பிரிட் எது பட்டாலும் எழுத்து கரையும். எண் சக்கரங்களுக்கும் இதே விதி. டயல் மங்கியிருந்தாலும் எழுத்து படிக்கும்படி இருந்தால் அப்படியே விடுங்கள். அசல் அச்சின் அழகு புது ஸ்டிக்கரில் வராது. முள்ளுக்கு வண்ணம் அடித்தால் ஒரே மெல்லிய பூச்சு போதும், தடித்தால் அதன் சமநிலை கெடும்.

காந்தத்தில் ஒட்டிய இரும்புத் துகளைச் செல்லோடேப்பால் ஒற்றி எடுங்கள். காந்தத்தைக் கீழே போட்டாலோ தட்டினாலோ வலு குறையும். கிண்ணத்தின் உட்புறம் எண்ணெய்ப்பசை இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. எண்ணெய் பட்டு ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங் விறைத்து வேகம் குறைவாகக் காட்டும். கீழே காந்தம் ஏறியிருக்கும் முதன்மை அச்சில் பழைய கிரீஸ் கல்லாகியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு இளக்கித் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். கேபிள் அடிக்கடி அறுவதற்கு இந்த இறுக்கம்தான் பெரும்பாலும் காரணம். எண் சக்கர அச்சுகளுக்கு ஊசிமுனையில் நிற்கும் அளவு எண்ணெய் போதும்.

அடுத்து அளவு சரிபார்த்தல். பல டயல்களில் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். மைல் டயலில் 1600 என்றிருந்தால், ஒரு மைலுக்கு கேபிள் 1,600 சுற்று சுற்றுகிறது என்று பொருள். 60 மைல் வேகம் என்பது நிமிடத்துக்கு ஒரு மைல், ஆகவே கேபிள் நிமிடத்துக்கு 1,600 சுற்றில் சுழன்றால் முள் 60இல் நிற்க வேண்டும், 800 சுற்றில் 30இல். எண் இல்லையென்றால் நீங்களே கணக்கிடலாம். முன்சக்கரத்தைப் பத்துச் சுற்று உருட்டி, கேபிள் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். டயரில் சாக்பீஸ் குறியிட்டு, ஒரு சுற்றுக்கு வண்டி நகரும் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அந்தத் தூரம் 2.05 மீட்டர், கேபிள் 20 சுற்று என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 1000 ÷ 2.05 × 2, அதாவது சுமார் 976 சுற்று. நிமிடத்துக்கு 976 சுற்றில் முள் 60 கிலோமீட்டர் காட்ட வேண்டும்.

சோதிக்க, பழைய உள் ஒயரின் சதுர முனையோடு பத்து சென்டிமீட்டர் வெட்டி, வேகம் கூட்டிக் குறைக்கக்கூடிய டிரில்லில் மாட்டுங்கள். வெட்டும் இடத்தில் முதலில் ஈயம் பற்றவைத்தால் இழை பிரியாது. முள் ஏறும் திசை எது என்பதை விரலால் சுழற்றித் தெரிந்துகொண்டு டிரில்லையும் அதே திசையில் ஓட்டுங்கள். சுற்றுகளை டிஜிட்டல் டேக்கோமீட்டரால் அளக்கலாம். எல்லா வேகத்திலும் ஒரே அளவு பிழை வந்தால் முள் பொருத்திய இடம் தப்பு, கழற்றி மாற்றிப் பொருத்துங்கள். வேகம் கூடக் கூடக் குறைவாகக் காட்டுவதும் கூடினால் காந்தம் வலுவிழந்திருக்கும். மறுபடி காந்தமேற்றும் கருவி வைத்திருக்கும் மீட்டர் கடைக்குத்தான் அதைக் கொண்டுபோக வேண்டும். முள்ளை நகர்த்தி அதை ஈடுகட்டினால் ஒரு வேகத்தில் மட்டும் சரியாக இருக்கும்.

மூடும்போது புது ரப்பர் வளையம் போடுங்கள். பழையது கல்லாகிப்போனதால்தான் மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிகிறது. வினிகர் வாசம் வரும் சிலிக்கான் பசை வேண்டாம், அதன் அமிலம் உள்ளே உலோகத்தை அரிக்கும். எதிரெதிராக நான்கு இடங்களில் மடித்து வளையத்தை நிறுத்திய பிறகு இடைப்பட்ட பகுதியை மரத்துண்டால் அழுத்தி மடியுங்கள்.

பக்கத்தில் இருக்கும், பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஆம்ப்மீட்டருக்கு இவ்வளவு வேலை இல்லை. ஆனால் அதை நேராக பேட்டரியின் இரு முனைகளில் வைத்துச் சோதிக்கவே கூடாது, நொடியில் எரிந்துவிடும். 12 வோல்ட் பேட்டரியோடு 21 வாட் பல்பைத் தொடராக இணைத்தால் சுமார் 1.75 ஆம்பியர் காட்ட வேண்டும். வண்டியில் எஞ்சின் நின்றிருக்க, ஹெட்லைட் போட்டதும் முள் மைனஸ் பக்கம் போக வேண்டும். பிளஸ் பக்கம் போனால் பின்னாலுள்ள இரண்டு ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றன. வண்டியின் மின்சாரம் பெரும்பகுதி இதன் வழியாகவே போவதால், திருகு தளர்ந்தால் அந்த இடம் சூடேறிக் கருகும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, திருகுகளை மணல்தாளால் தேய்த்து, ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குங்கள்.