செயின்ஃபெல்ட் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

பிடித்த சிட்காமை இன்னொருவருக்குப் புரியவைப்பது லேசான வேலை இல்லை. நியூயார்க் நண்பர்கள் நால்வரைப் பற்றிய அமெரிக்க நகைச்சுவைத் தொடரான செயின்ஃபெல்டில் வரும் திமிங்கிலக் கதையை நான் ஒருமுறை நடித்தே காட்டினேன். கேட்டவர் மரியாதைக்குப் புன்னகைத்துவிட்டு "அப்புறம்?" என்றார். அப்புறம் ஒன்றும் இல்லை, அதுதான் ஜோக்!

ஆளை விட்டுவிட்டு ஜோக்கை மட்டும் எடுத்துச் சொன்னதுதான் என் தவறு. 1994-இல் வந்த அந்த எபிசோடில், தன் நண்பர் ஜார்ஜ் ஒரு கடல் உயிரியல் நிபுணர் என்று கல்லூரித் தோழி ஒருத்தியிடம் நாயகன் ஜெர்ரி அளந்துவிடுகிறார். ஜார்ஜுக்குக் கோபம் வருகிறது, ஆனால் பொய் சொன்னதற்காக இல்லை. பொய்யாகச் சொல்லிக்கொள்ள அவர் ஆசைப்பட்டது கட்டிடக் கலைஞர் வேலையை. அதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்கிறார்! இந்த ஆளைத் தெரிந்த பிறகுதான், அந்தப் பொய்யைக் காப்பாற்ற, கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தை நோக்கி அவர் கடலில் இறங்குவது சிரிப்பாகிறது. அதுவும் நமக்குக் காட்டப்படுவதில்லை. காபிக் கடையில் உட்கார்ந்து அவரே சொல்கிறார். திமிங்கிலத்தின் மூச்சுத் துளையிலிருந்து எடுத்த கோல்ஃப் பந்தை அவர் நீட்டும்போது, கடற்கரையில் பந்தடித்துக்கொண்டிருந்த கிரேமர், ஜெர்ரியின் எதிர்வீட்டு நண்பர், எதிரே இருக்கிறார். இரண்டு கதைகள் ஒரு பந்தில் முட்டிக்கொள்கின்றன. இதை இரண்டு நிமிடத்தில் நடித்துக் காட்டினால் யார் சிரிப்பார்கள்?

"ஒன்றுமே இல்லாததைப் பற்றிய தொடர்" என்ற புகழ்ச்சியையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். 1992 எபிசோட் ஒன்றில் ஜெர்ரியும் ஜார்ஜும் தொலைக்காட்சிக்காரர்களிடம் கதை சொல்லப் போகும்போது வரும் கேலி அது. நிஜத்தில் தொடரை உருவாக்கிய ஜெர்ரி செயின்ஃபெல்டும் (ஜெர்ரியாக நடிப்பவரும் அவரே) லாரி டேவிட்டும் முன்வைத்த யோசனை, மேடையில் தனியாக நின்று சிரிக்கவைக்கும் ஒரு ஸ்டாண்ட்-அப் கலைஞருக்கு மேடை விஷயங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன என்பது. ஆரம்ப சீசன்களில் ஜெர்ரியின் மேடைப் பேச்சு இடம்பெறுவது அதனால்தான்.

1991-இல் வந்த சீன உணவக எபிசோடையே பாருங்கள். ஜெர்ரி, ஜார்ஜ், அவர்களின் தோழி எலெய்ன் என மூன்று பேர் மேஜைக்காகக் காத்திருக்கிறார்கள், கடைசிவரை அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஓர் அவசரம். எலெய்னுக்குக் கொலைப்பசி; முன்பின் தெரியாதவர்களின் தட்டிலிருந்து ஒரு எக் ரோலை எடுத்துத் தின்றால் 50 டாலர் தருவதாக ஜெர்ரி பந்தயம் கட்டுகிறார். ஜார்ஜுக்குக் காதலியோடு பேச அங்கிருக்கும் பொதுத் தொலைபேசி வேண்டும். ஜெர்ரிக்கோ, மாமாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்தது வெளியே தெரிந்துவிடக் கூடாது. சம்பவம் சின்னது, ஆசைகள் பெரியவை.

நல்ல மனசு, பாசம், குடும்பம் மாதிரி நட்பு என்றெல்லாம் இந்தத் தொடரைச் சிபாரிசு செய்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். கட்டிப்பிடிப்பதும் கூடாது, பாடம் கற்பதும் கூடாது என்பது லாரி டேவிட் வைத்த விதி. 1998-இல் வந்த கடைசி எபிசோடில், ஒருவர் கொள்ளையடிக்கப்படுவதை வேடிக்கை பார்த்துக் கிண்டலடித்ததற்காக நான்கு பேரும் சிறைக்கே போகிறார்கள்.

சரி, கெட்டவர்கள் என்பதால்தான் சிரிப்பு வருகிறதா? அதுவும் அரைகுறை விளக்கம்தான். கடித்த சிப்ஸை மறுபடி சாஸில் தோய்க்கலாமா என்பது மாதிரி சில்லறை விதிகளில் இவர்கள் நீதிபதிகளைவிடக் கறார். பெரிய விஷயம் ஏதாவது கண்ணெதிரே நடந்தால் கவனிக்கவே மாட்டார்கள். நமக்குள்ளும் அப்படி ஒரு ஆள் இருப்பதால்தான் இவர்களை வெறுக்க முடிவதில்லை என்று தோன்றுகிறது.

கிரேமர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவதை மட்டும் புகழ்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. அது நிஜமாகவே அற்புதம்.

கடைசியாக, புதிதாகப் பார்ப்பவர்களை முதல் எபிசோடில் தள்ளாதீர்கள். 1989-இல் வந்த அதில் எலெய்னே கிடையாது, கிரேமருக்கு வேறு பெயர். முதல் சீசனே மொத்தம் ஐந்து எபிசோட்தான், தாண்டிப் போகலாம். சீன உணவகத்தில் தொடங்கலாம். அதில் கிரேமர் வரமாட்டார், பரவாயில்லை. திமிங்கிலத்தை ஒரு பத்து எபிசோட் கழித்துக் காட்டுங்கள். அதற்குள் ஜார்ஜ் பழகியிருப்பார்.