பேச வேண்டிய வகுப்பில் வாயை மூடும் விதிகள்: உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குள் போகும் ஆசிரியர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே விதிகளைத்தான் சொல்கிறார்கள். பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும், நோட்டு இல்லாமல் வரக் கூடாது. கணக்கு வகுப்புக்கு இவை ஓரளவு பொருந்தலாம். ஆங்கில வகுப்பில் அப்படியே கொண்டுவந்து வைத்தால் பாடம் நின்றுபோகும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் வாயில் வர ஒரு நாளில் கிடைக்கும் ஒரே வாய்ப்பு பெரும்பாலும் அந்த நாற்பது, நாற்பத்தைந்து நிமிடப் பீரியடுதான். அந்த நேரத்திலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டுமென்றால் வேறு எங்கே பேசிப் பழகுவது?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் 100 மதிப்பெண்ணுக்கான எழுத்துத் தேர்வு. 35 எடுத்தால் தேர்ச்சி. பேசுவதற்கு அதில் மதிப்பெண் கிடையாது. அதனால் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கும் வகுப்பே நல்ல வகுப்பு என்ற எண்ணம் தலைமையாசிரியர் முதல் பெற்றோர் வரை ஊறிப்போயிருக்கிறது. ஆனால் நேற்று என்ன நடந்தது என்று நான்கு வாக்கியம் வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை, தேர்வில் கேட்கும் கடிதத்தையும் சொந்தமாக எழுதுவதில்லை. மனப்பாடம் செய்த கடிதத்தில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி இறக்கி வைக்கிறது. மதிப்பெண் வந்துவிடலாம். அதோடு சரி.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஆங்கில வகுப்பின் ஒவ்வொரு விதியையும் சோதிக்க வேண்டும். இந்த விதியால் பிள்ளை கூடுதலாகப் பேசுகிறதா, எழுதுகிறதா, இல்லை பயந்து ஒதுங்குகிறதா?

கரும்பலகையில் பெயர் எழுதுவது

ஆசிரியர் வர ஐந்து நிமிடம் தாமதமானால் கிளாஸ் லீடர் கரும்பலகையின் ஓரத்தில் பேசியவர்களின் பெயரை எழுதுவது நம் பள்ளிகளில் காலங்காலமாக நடப்பது. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. லீடரின் நண்பன் பேசினால் பெயர் வராது. பிடிக்காதவன் இருமினாலும் வரும். ஆசிரியர் உள்ளே நுழைந்ததும் பார்க்கும் முதல் எழுத்து அந்தப் பட்டியல். பீரியடின் முதல் பத்து நிமிடம் அந்த விசாரணையிலேயே போய்விடும். அது முடிந்து, "இப்போ எல்லாரும் இங்கிலீஷ்ல பேசுங்க பார்ப்போம்" என்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

சத்தத்தில் இரண்டு வகை உண்டு என்று முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குப் புரிய வைக்க வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரனிடம் பாடத்தைப் பற்றிப் பேசுவது வேலை. ஒருவர் எழுந்து சொல்லும்போது இடையில் பேசுவது தடை. "பேசாதே" என்பதற்குப் பதில் "ஒருத்தர் பேசும்போது மத்தவங்க கேட்கணும்" என்று சொன்னால் எதைச் செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது. ஜோடியாகப் பேச விட்டால் வகுப்பு இரைச்சலாகத்தான் இருக்கும். அதை நிறுத்த ஓர் அடையாளம் வேண்டும். கையைத் தூக்கினால் எல்லோரும் கையைத் தூக்கி அமைதியாவது போல எதுவாக இருந்தாலும் சரி. அதை ஒருமுறை சொல்லிவிட்டு விட்டால் நடக்காது. முதல் வாரம் தினமும் இரண்டு மூன்று தடவை விளையாட்டுப் போலப் பழக்க வேண்டும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஜோடிப் பேச்சு நடக்காது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தைக் கொடுக்காமல் நேரடியாகப் பேச விட்டுப் பார்த்தவர்கள்.

பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் நல்லது. இல்லையென்றால் புகார் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விடும்.

தமிழ் பேசினால் ஃபைன்

இதுதான் எனக்கு மிகவும் வேதனை தரும் விதி. ஆங்கில வகுப்பில், சில பள்ளிகளில் வளாகம் முழுவதிலும், தமிழ் பேசினால் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் அபராதம் என்று வைத்திருக்கிறார்கள். இது இன்று நேற்று வந்த யோசனை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழியான வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். அடுத்து வெல்ஷ் பேசும் பிள்ளைக்கு அது கைமாறும். கடைசியில் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு அடி. பிள்ளைகளே ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு. இன்று லீடர் கையில் ஃபைன் நோட்டைக் கொடுப்பதும் அதே ஏற்பாடுதான்.

அபராதம் வைத்ததும் நன்றாகப் பேசுபவர்கள் நான்கு பேர் பேசுவார்கள். மற்றவர்கள் தமிழும் பேசாமல் ஆங்கிலமும் பேசாமல் ஊமையாகிவிடுவார்கள். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த மொழிகளை வகுப்பறையின் வளமாகப் பார்க்கச் சொல்கிறது. அதைக் கடைப்பிடிப்பது அப்படியொன்றும் கடினம் இல்லை. தமிழ் எப்போது, ஆங்கிலம் எப்போது என்று பிரித்துக் கொடுத்தால் போதும். கேள்வியைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு நிமிடம் தமிழில் பேசிக்கொள்ளலாம், எழுந்து சொல்லும்போது ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். ஒரு சொல் தெரியாவிட்டால் அந்தச் சொல்லை மட்டும் தமிழில் போட்டு வாக்கியத்தை முடிக்கலாம். ஆசிரியர் அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் கொடுக்க, பிள்ளை வாக்கியத்தை மறுபடி முழுசாகச் சொல்ல வேண்டும். சுவரில் "கேன் யூ ரிப்பீட் தட், மிஸ்?", "ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் திஸ் லைன்" போல அன்றாடம் தேவைப்படும் ஏழெட்டு வாக்கியங்களை எழுதி ஒட்டினால் ஃபைன் நோட்டால் முடியாததை அது செய்யும்.

விதிகளையே ஆங்கிலத்தில் மட்டும் சார்ட்டில் எழுதி ஒட்டிவிட்டு, "போட்டிருக்கேனே, படிக்கலையா?" என்று கேட்பதும் இதோடு சேர்ந்ததுதான். விதி புரிய வேண்டும். முதலில் தமிழில் விளக்குங்கள்.

சிரிப்புக்கு விதி இல்லாமல் விடுவது

லேட்டாக வந்தால் என்ன, நோட்டு கொண்டுவராவிட்டால் என்ன என்று எல்லாவற்றுக்கும் விதி இருக்கும். ஒருவர் தப்பாகப் படிக்கும்போது மற்றவர்கள் சிரிப்பதற்கு மட்டும் இருக்காது. ஆங்கில வகுப்பில் மிகக் கண்டிப்பாக இருக்க வேண்டிய விதி அதுதான் என்பேன்.

ஒரு பையன் எழுந்து படிக்கிறான். தீவு என்ற பொருளுள்ள சொல் வருகிறது. 'ஐலண்ட்' என்று சொல்ல வேண்டியதை 'இஸ்லேண்ட்' என்கிறான். வகுப்பு கொல்லென்று சிரிக்கிறது. அவன் செய்தது என்ன? எழுத்தைப் பார்த்து, எழுதியிருப்பதை அப்படியே ஒழுங்காகப் படித்திருக்கிறான். அந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டல்தான் உச்சரிப்போடு ஒத்துப்போவதில்லை. சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லை முன்பே எங்கோ கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதைத் தமிழில் அரை நிமிடம் விளக்கினால் சிரிப்பு அடங்கிவிடும், அவனுக்கும் முகம் தொங்காது. விளக்காமல் விட்டால், அடுத்து அவனைப் படிக்கச் சொல்லும்போது தொண்டை வலிக்கிறது என்பான். அதற்கடுத்து அவன் உட்காரும் இடம் கடைசி பெஞ்சு. ஆசிரியர் முகத்தில் வரும் லேசான புன்னகை கூட மற்றவர்களுக்கு அனுமதிச் சீட்டாகிவிடும் என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

சொல்லி முடிப்பதற்குள் குறுக்கிட்டுத் திருத்துவதும் ஏறக்குறைய இதே விளைவைத்தான் தரும். "எஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்" என்று தொடங்கியவளை 'கோ'விலேயே நிறுத்தி 'வென்ட்' என்று திருத்தினால் சந்தையில் என்ன நடந்தது என்பது வெளியே வராது. முடிக்க விடுங்கள். பிறகு, "ஓ, யூ வென்ட் டு மார்க்கெட்! வாட் டிட் யூ பை?" என்று கேட்டால் திருத்தமும் போய்ச் சேரும், பேச்சும் தொடரும்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதை ஆசிரியர் தனக்குத் தானே ஒரு விதியாக வைத்துக்கொள்ளலாம். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்லாத பிள்ளைகள் குறைந்தார்கள். தாய்மொழியில் நடக்கும் வகுப்பிலேயே இப்படி. தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டிய பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகத்தான் வேண்டும்.

இம்போசிஷன்

தண்டனையாக எழுதும் வேலையைக் கொடுப்பதை மொழி ஆசிரியர் செய்யவே கூடாது. "ஐ வில் நாட் டாக் இன் த கிளாஸ்" என்று நூறு தடவை எழுதச் சொன்னால் பிள்ளை எப்படி எழுதும் என்று அந்த நோட்டைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதலில் பக்கம் முழுக்க மேலிருந்து கீழாக 'ஐ' மட்டும் வரிசையாக இறங்கும். அடுத்த வரிசையில் 'வில்'. அதற்கடுத்து 'நாட்'. கெட்டிக்காரர்கள் இரண்டு பேனாவை ரப்பர் பேண்டால் கட்டி இரண்டு வரியை ஒரே இழுப்பில் முடிப்பார்கள். நூறு தடவை எழுதியும் ஒரு தடவை கூட அந்த வாக்கியம் வாக்கியமாக அந்தப் பிள்ளையின் மனதில் ஓடவில்லை. எழுதுவது என்றாலே தண்டனை என்ற எண்ணம் மட்டும் நன்றாக ஓடியிருக்கிறது. அடுத்த நாள் அதே கையில் கட்டுரை கேட்போம்.

அடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையிருக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17, உடல் தண்டனையை மட்டும் தடை செய்யவில்லை, மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "நீயெல்லாம் எங்க பாஸ் ஆகப் போறே" என்பது எந்தப் பக்கம் சேரும் என்று யோசித்துப் பார்க்கலாம். 'ஸ்லோ லேர்னர்ஸ் எல்லாம் எந்திரிங்க' என்பதும் அப்படித்தான். தனிக் கவனம் தேவைப்படுபவர்களின் பட்டியல் ஆசிரியரின் டைரியில் இருந்தால் போதும்.

ஹோம்வொர்க்கில் எது முடிந்த வேலை?

"ஹோம்வொர்க் முடிச்சிட்டு வரணும்" என்பது தெளிவான எதிர்பார்ப்பு மாதிரி தெரியும். ஆனால் கைடைப் பார்த்து எழுதினாலும் அது முடிந்த ஹோம்வொர்க்தான். இப்போது போனில் கேட்டால் கடிதம் அச்சு மாதிரி வந்து விழுகிறது, அதைப் பார்த்து எழுதினாலும் முடிந்ததுதான். பிள்ளையைத் திட்டுவதற்கு முன் நாம் கேட்டதைப் பார்க்க வேண்டும். கைடில் இருக்கும் கேள்வியையே கொடுத்தால் கைடில் இருக்கும் பதில்தான் வரும். "உங்க தெருவில குடிதண்ணி எத்தனை மணிக்கு வருது, யார் பிடிக்கிறாங்க, ஆறு வாக்கியம், தப்பு இருந்தாலும் பரவாயில்லை" என்று கேட்டால் கைடு கைகொடுக்காது. முதல் வரைவை வகுப்பிலேயே எழுத வைத்துவிட்டு, திருத்தி எழுதுவதை மட்டும் வீட்டுக்குக் கொடுப்பது இன்னும் நல்லது.

நான்கு பிரிவுகள் எடுக்கும் ஆசிரியருக்கு, பிரிவுக்கு நாற்பது பேர் என்றால், 160 நோட்டு. ஒன்றுக்கு இரண்டே நிமிடம் என்றாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாத் தப்பையும் சிவப்பு மையால் சுழிக்க நினைத்தால் நோட்டு மூன்று வாரம் ஸ்டாஃப் ரூமிலேயே கிடக்கும், திரும்பி வரும்போது எதற்காக எழுதினோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும். இந்த வாரம் இறந்தகால வினை மட்டும் பார்ப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அதை மட்டும் திருத்தி, சொன்ன நாளில் திருப்பிக் கொடுங்கள். நோட்டு வைக்கும் நாளை நாம் கண்டிப்பாகக் கேட்கிறோம் என்றால், திருப்பித் தரும் நாளைக் கேட்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

சில்லறை விதிகள்

பாத்ரூம் போக அனுமதி கேட்பதை ஆங்கிலத்தில் கேட்டால்தான் விடுவேன் என்று வைத்திருப்பவர்கள் உண்டு. வேண்டாம். மாதவிடாய் நாளில் இருக்கும் ஒரு பெண்பிள்ளையை அந்த நிலையில் வாக்கியம் அமைக்கச் சொல்வது பாடமாகாது. கையைத் தூக்கிவிட்டுப் போய் வரட்டும், தண்ணீர் குடிப்பதற்கும் அப்படியே.

டவுன் பஸ்ஸை நம்பி வரும் பிள்ளை முதல் பீரியடுக்கு லேட்டாகத்தான் வரும். வெளியே நிற்க வைத்தால் பாடம் போகும். சத்தமில்லாமல் வந்து உட்காரட்டும், காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதல் ரேங்க் எடுப்பவருக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி என்று இருந்தால் ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அதன் பிறகு எந்த விதியும் நிற்காது. வீட்டுக்குப் போன் செய்வதாக மிரட்டுவதை விட, நன்றாகப் படித்துக் காட்டிய அன்றைக்கு ஒரு போன் செய்து பாருங்கள்.

மொத்தம் ஐந்து விதிக்கு மேல் வேண்டாம். பதினைந்து விதி எழுதினால் நமக்கே நினைவிருக்காது. நினைவில்லாத விதியைக் கோபம் வந்த அன்று மட்டும் எடுப்போம். காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், எது நடக்கிறது, எது நடக்கவில்லை என்று பிள்ளைகளிடமே தமிழில் கேளுங்கள். நடக்காததை அவர்கள் கண் முன்னாலேயே சார்ட்டிலிருந்து அடித்துவிடுங்கள்.